கொம்பு யாருக்கு?

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் சிலை இருக்கிறது. இத்தாலியச் சிற்பி அந்தோனியோ கனோவா 1782-இல் செய்து முடித்தது. காளைத் தலையும் மனித உடலும் கொண்ட மினோட்டார் செத்துக் கிடக்கிறான். அவன் மேலேயே உட்கார்ந்திருக்கிறான், அவனைக் கொன்ற தீசியஸ். கிரேக்கப் புராணப்படி, கிரீட் தீவில் உள்ளே போனால் வெளியே வர முடியாத ஒரு கட்டடத்தில் அடைபட்டு, ஏதென்ஸ் நகரம் அனுப்பிவைக்கும் இளைஞர்களையும் கன்னிப்பெண்களையும் தின்று வாழ்ந்தவன் மினோட்டார்.

அன்றைய கணக்கு எளிமையானது: மிருகம் வேறு, மனிதன் வேறு. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பார்த்தினன் கோயில் சிற்பங்களிலும் அதே கணக்குதான். இடுப்புக்கு மேலே மனிதனும் கீழே குதிரையுமான சென்டார்கள், கல்யாண வீட்டில் குடித்துவிட்டுப் பெண்களைத் தூக்கிப் போகப் பார்க்கிறார்கள். லாபித் இனத்தவர் அவர்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். பார்க்கிறவர் தயங்காமல் மனிதன் பக்கம் நின்றுகொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டில் அந்த நிம்மதி போய்விட்டது. வதைமுகாம்களை நடத்தியவர்களுக்குக் கொம்பு இல்லை. சீருடை இருந்தது, வீட்டில் பிள்ளைகுட்டி இருந்தது.

1985-இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. அப்போது ஜொஹானஸ்பர்கில் முதுகலை மாணவியாக இருந்த ஜேன் அலெக்சாண்டர், 'புட்சர் பாய்ஸ்' என்ற சிலைத் தொகுதியை 1986-இல் முடித்தார். 'கசாப்புப் பையன்கள்' என்று சொல்லலாம். ஒரு பெஞ்சு, அதில் யாருக்கோ காத்திருப்பவர்கள் போல ஆளுயரத்தில் மூன்று ஆண்கள். பிளாஸ்டர் உடம்புக்கு மனிதத் தோலின் நிறம் பூசியிருக்கிறது. தலையில் நிஜ விலங்குகளின் கொம்பு. வாய் கிடையாது. காது இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பள்ளம். பின்னால் போய்ப் பார்த்தால் முதுகுத்தண்டு தெரிகிறது.

அக்கம்பக்கத்து அலறல் காதில் விழாமல், ஒரு வார்த்தை பேசாமல் வாழப் பழகிய சமூகத்தின் உருவமாகவே இதை நான் பார்க்கிறேன். கனோவாவின் சிலையில் மிருகம் செத்துவிட்டது, வென்றவன் இருக்கிறான். இங்கே மிருகம் உயிரோடு, சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. எதிர்க்க ஒரு தீசியஸ்கூட இல்லை.

இந்தச் சிலைகள் கேப்டவுனில், தென்னாப்பிரிக்கத் தேசியக் கலைக்கூடத்துக்குச் சொந்தமானவை. நேரிலோ படத்திலோ பார்க்க வாய்த்தால், கொம்பைப் பார்த்து மிரண்டு திரும்பிவிடாதீர்கள். கைகளைக் கவனியுங்கள். அவற்றில் ஆயுதம் இல்லை, நகம் நீண்டிருக்கவில்லை. நம் கைகள் மாதிரியேதான் இருக்கின்றன.