மட்டாஞ்சேரியிலிருந்து மாஸ்கோவுக்கு: ஒரு முதற்பயணத்தின் முன்கணக்கு

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் காலை வேளையில் நடப்போருக்கு இன்றும் சுக்கும் மிளகும் மணக்கும். பழைய பாண்டிகசாலைகளில் பல இன்று கலைப்பொருள் அங்காடிகளாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. எஞ்சியவற்றில் மூட்டைகள் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கின்றன. மூன்று தலைமுறைகளாக இத்தெருவை அடுத்து வாழும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. சென்ற ஆண்டு எங்கள் வைப்புத்தொகை ஒன்று முதிர்ந்தபோது, அதில் ஒரு பகுதியைக் கொண்டு மாஸ்கோவையும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையும் பார்த்து வருவதென்று கணவன் மனைவி இருவருமாக முடிவு செய்தோம்.

'சிங்கப்பூர், துபாய் என்று எல்லோரும் போகும் இடங்கள் இருக்க, ரஷ்யா ஏன்?' என்று உறவினர் பலரும் கேட்டனர். விடை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருந்தது. எண்பது வயதைக் கடந்த எங்கள் பெரியப்பா, மிளகுப் பாண்டிகசாலை ஒன்றில் பல்லாண்டுகள் கணக்கெழுதியவர்.

மிளகு சென்ற நாடு

இந்தியாவுக்கும் சோவியத்து ஒன்றியத்துக்கும் இடையே 1953ஆம் ஆண்டு வணிக உடன்பாடு கையெழுத்தானது. அதன் சிறப்பு, கணக்கை ரூபாயிலேயே தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த அக்காலத்தில், டாலரைத் தொடாமலே இயந்திரங்கள் இங்கு வந்தன. தேயிலையும் முந்திரியும் மிளகும் அங்கு சென்றன. மலபார் மிளகுக்குச் சோவியத்து ஒன்றியமே மிகப் பெரிய வாடிக்கையாளராக விளங்கிய ஆண்டுகள் பல. 1957இல் மட்டாஞ்சேரியில் தொடங்கிய மிளகு வணிகர் சங்கத்தின் கூடத்தில் விலை கூவும் குரல் தெருவரை கேட்கும் என்பார் பெரியப்பா.

"தூற்றிச் சலித்துத் தரம் பிரித்து மூட்டை கட்டுவோம். சரக்கு கப்பலேறும், பணம் ரூபாயாகவே இங்குள்ள வங்கிக்கு வந்துவிடும். டாலர் நோட்டை நான் கண்ணால் கண்டதில்லை" என்பது அவர் அடிக்கடி சொல்வது. 1991இல் சோவியத்து ஒன்றியம் கலைந்ததும் அவ்வேற்பாடும் முடிவுக்கு வந்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த வணிகர்கள் தடுமாறினர். ஆயுள் முழுவதும் மிளகு அனுப்பிய நாட்டை அவர் பார்த்ததில்லை. பார்த்து வரும் வயதும் இப்போது இல்லை. அவர் கண்ணாக நாங்கள் போகிறோம்.

பணத்துக்கு முதலில் வழி

பயண ஏற்பாட்டை நாங்கள் வழக்கம்போல் தலைகீழாகவே தொடங்கினோம். எதைப் பார்ப்பது, எங்கே தங்குவது என்று பட்டியல் எழுதினோம். பணம் குறித்துக் கவலையே இல்லை. சிங்கப்பூரில் பயன்பட்ட அட்டை இங்கும் பயன்படும் என்று எண்ணினோம். முதலில் அணுகிய பயண முகவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்கள் வங்கிக் கிளைக்கு வேறொரு வேலையாகச் சென்றபோது அலுவலர் ஒருவர் கேட்டார்: "அங்கே இறங்கியதும் எப்படிச் செலவழிப்பீர்கள்?"

அக்கேள்வியே எங்கள் திட்டத்தைத் திருத்தி எழுதியது. விசா, மாஸ்டர்கார்டு ஆகிய இரண்டு நிறுவனங்களும் 2022 மார்ச்சில் ரஷ்யாவில் தம் சேவையை நிறுத்திவிட்டன. வெளிநாட்டு வங்கிகள் வழங்கிய அவ்வகை அட்டைகள் அங்குள்ள கடைகளிலும் பணம் வழங்கும் இயந்திரங்களிலும் செல்லா. அவற்றின் பெயரில் வழங்கப்படும் பயண அட்டைகளுக்கும் இதே நிலைதான். நம் ரூபே அட்டையை மட்டும் நம்பி இறங்கவும் இயலாது. கணக்கில் எவ்வளவு இருந்தாலும், அங்கே கையில் உள்ள நோட்டே பணம்.

நோட்டாக எவ்வளவு கொண்டு செல்லலாம்? ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அந்நியச் செலாவணி பெறலாம். ஆனால் பெரும்பாலான நாடுகளுக்குச் செல்வோர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரையே நோட்டாக வாங்க முடியும். ரஷ்யக் கூட்டமைப்புக்கும் முன்னாள் சோவியத்துக் குடியரசுகள் சிலவற்றுக்கும் செல்வோருக்கு விதிவிலக்கு உண்டு. முழுத் தொகையையும் நோட்டாகவே பெறலாம். எங்கள் தேவை அவ்வளவு பெரிதன்று. எனினும் வழி இருக்கிறது என்று அறிந்தது மனத்துக்கு உறுதியளித்தது.

எங்கள் பணத்தை மூன்று கூறாக்கினோம்.

முதற்கூறு, இங்கேயே ரூபாயில் கட்டி முடிப்பது: விமானச் சீட்டு, விடுதி வாடகை, இரு நகரங்களுக்கிடையிலான ரயில் சீட்டு. நம் அட்டைகள் ரஷ்ய ரயில்வேயின் தளத்தில் ஏற்கப்படுவதில்லை. பன்னாட்டு விடுதிப் பதிவுத் தளங்கள் சில அந்நாட்டு விடுதிகளை விற்பதும் இல்லை. ஆகவே இரண்டாவதாக அணுகிய முகவர் வழியாக இவற்றை முன்பதிவு செய்து, உரிய ரசீதுகளைப் பெற்றோம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்குவோரிடம் முகவர் ஒரு வரியையும் சேர்த்து வசூலிப்பார். அது வீண்போவதன்று, வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். அதன் விகிதம் வரவுசெலவுத் திட்டந்தோறும் மாறக்கூடும் என்பதால், பணம் கட்டும் நாளில் உள்ள விகிதத்தைக் கேட்டறிவது நல்லது.

இரண்டாங்கூறு, அன்றாடச் செலவு: உணவு, நகரப் போக்குவரத்து, நுழைவுக் கட்டணம். இருவருக்குமாக நாளொன்றுக்கு 150 டாலர் என்று வைத்து, எட்டு நாளுக்கு 1,200 டாலர் ஒதுக்கினோம்.

மூன்றாங்கூறு, தொடாத பணம். விமானம் தாமதித்தாலோ, உடல்நலம் குன்றினாலோ மட்டுமே எடுப்பதற்காக 800 டாலர். ஊரிலிருந்து எவரும் உடனே பணம் அனுப்ப இயலாத நாட்டில், இக்கூறு இல்லாமல் புறப்படலாகாது.

ஆக மொத்தம் 2,000 டாலர். உரிமம் பெற்ற வங்கிக் கிளையிலோ பணமாற்று நிறுவனத்திலோ நிரந்தரக் கணக்கு எண்ணையும் கடவுச்சீட்டையும் காட்டி இதைப் பெறலாம். ரூபாய் 50,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்குச் செலாவணி வாங்கும்போது ரொக்கமாகத் தரலாகாது. கணக்கிலிருந்தே செலுத்த வேண்டும். மடிப்பும் மைக்கறையும் இல்லாத புதிய நோட்டுகளாகக் கேட்டு வாங்கினோம். பழைய நோட்டை மாற்ற மறுப்பது அங்கே உண்டு. இறங்கியபின் வங்கிக் கிளையில் கடவுச்சீட்டைக் காட்டி, இரண்டொரு நாளுக்கு வேண்டிய அளவே ரூபிளாக மாற்றுவதாகத் திட்டம். பணத்தை இருவரும் பாதிப்பாதியாகப் பிரித்து வைத்துக்கொள்வோம். திரும்பியபின் 2,000 டாலர் வரை நோட்டாகக் கையில் வைத்திருக்கலாம். மிகுதி இருப்பின் 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

எட்டு நாள், இரண்டு நகரம்

பணத்துக்கு வழி பிறந்ததும் மற்றவை எளிதாயின. கொச்சியிலிருந்து ரஷ்யாவுக்கு நேர்விமானம் இல்லை. தில்லி வழியாகவோ வளைகுடா நகரங்கள் வழியாகவோ செல்ல வேண்டும். மாஸ்கோவில் இறங்கி, பீட்டர்ஸ்பர்க்கிலிருந்தே ஊர் திரும்புமாறு சீட்டெடுத்தோம். வந்த வழியே திரும்புவதில் வீணாகும் ஒரு நாள் இதனால் மிஞ்சியது.

ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். இங்கே பருவமழை கொட்டும் அந்நாட்களில் பீட்டர்ஸ்பர்க்கில் நள்ளிரவிலும் வானம் முழுதும் இருள்வதில்லை. நேவா ஆற்றுப் பாலங்கள் கப்பல்களுக்கு வழிவிட்டு இரவில் உயர்வதை அவ்வெளிச்சத்தில் கரையிலிருந்தே காணலாம்.

குறுகிய பயணத்தில் ஒரு நாள் வீணானாலும் இழப்புப் பெரிது. ஆகவே விடுமுறை நாட்களைப் பார்த்தே அட்டவணை வகுத்தோம். மாஸ்கோவின் கிரெம்ளினுக்கு வியாழன் விடுமுறை. திரெத்தியாக்கோவ் ஓவியக் கூடத்துக்கும் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்கும் திங்கள் விடுமுறை. எனவே செவ்வாய் மாலை மாஸ்கோவில் இறங்கி, புதனன்று கிரெம்ளினும் செஞ்சதுக்கமும், வியாழனன்று ஓவியக் கூடமும் காண்போம். வெள்ளியன்று 1935இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயிலின் அழகிய நிலையங்களுக்கு ஒரே பயணச்சீட்டில் இறங்கி ஏறுவோம்.

செஞ்சதுக்கத்துப் பல்வண்ணக் குமிழ்க் கோபுரங்களைக் கொண்ட தூய பசில் தேவாலயத்தின் கட்டுமானம் தொடங்கிய ஆண்டு 1555. எங்கள் தெருமுனையில் நிற்கும் மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்ததும் அதே 1555 என்பர். நாள்தோறும் கடந்து செல்லும் கட்டடத்துக்கு இப்படியொரு சமவயதுத் தோழன் உண்டென்று அட்டவணை எழுதும்போதுதான் அறிந்தோம்.

சனிக்கிழமை ரயில். ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவை 'சப்சான்' விரைவு ரயில் சுமார் நான்கு மணி நேரத்தில் கடக்கும். மாஸ்கோவில் ஏறுமிடத்தின் பெயர் லெனின்கிராத் நிலையம். பீட்டர்ஸ்பர்க்கில் இறங்குமிடம் மாஸ்கோ நிலையம். செல்லும் ஊரின் பெயரையே நிலையத்துக்கு வைப்பது அந்நாட்டு வழக்கம். இதை அறியாதவர் தவறான நிலையத்துக்குப் போய் நிற்க நேரும். வழியில் வோல்கா ஆற்றங்கரையில் த்வேர் நகரம் வரும். 15ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து புறப்பட்டு இந்தியாவுக்கு வந்த வணிகர் அஃபனாசி நிகித்தின், தம் குறிப்புகளில் மிளகைப் பற்றியும் எழுதியிருக்கிறார். சன்னலோரம் அமர்ந்து அவ்வூரைப் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

ஞாயிறு முழுவதும் ஹெர்மிடேஜுக்கு. திங்களன்று பீட்டர்ஹோஃப், அரண்மனை மூடியிருந்தாலும் பூங்காவின் நீரூற்றுகளைக் காணலாம். செவ்வாய் பகலில் கால்வாய்ப் படகும் கோட்டையும் கண்டு இரவில் விமானமேறுவோம். 1703இல் இந்நகரை நிறுவிய மாமன்னர் பீட்டர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஆம்ஸ்டர்டாம் சென்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்தளத்தில் தொழில் பயின்றவர். அதே கம்பெனிதான் அப்போது கொச்சியை ஆண்டுகொண்டிருந்தது. அவர் நகரத்தின் கால்வாய்களைக் காணும்போது எங்கள் ஊரின் டச்சுக்காலக் கட்டடங்கள் நினைவில் எழாமல் இரா.

தாள்களும் தற்காப்பும்

2023 ஆகஸ்ட் முதல் இந்தியருக்கு ரஷ்ய மின்விசா கிடைக்கிறது. தூதரகம் செல்லத் தேவையில்லை. புறப்படுவதற்குக் குறைந்தது நான்கு நாட்கள் முன்பு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தொடக்கத்தில் 16 நாளாக இருந்த தங்கும் காலம் 2025இல் 30 நாளாக நீட்டிக்கப்பட்டது. குறிப்பிட்ட நுழைவாயில்கள் வழியாக மட்டுமே இவ்விசா செல்லும் என்பதால், இறங்கும் விமான நிலையம் அப்பட்டியலில் உள்ளதா என்று பார்த்துவிட்டே சீட்டெடுத்தோம். நுழைவின்போது தரப்படும் குடியேற்றச் சீட்டைத் திரும்பும்வரை காக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, ரஷ்யா அதில் அடங்குமா, எவ்வகைச் சூழலில் இழப்பீடு கிடைக்காது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கினோம். கைப்பேசி இணையம் சில வேளைகளில் தடைபடுவதால் வரைபடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்தோம். விடுதிகளின் பெயரையும் முகவரியையும் ரஷ்ய எழுத்தில் அச்சிட்டுக்கொண்டோம்.

போகலாமா?

இக்கேள்வியை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. 2022 பிப்ரவரியில் தொடங்கிய போரின் நிழல் அந்நாட்டின் மீது இருக்கிறது. ஆளில்லா வானூர்தித் தாக்குதல்களால் விமான நிலையங்கள் சில மணி நேரம் மூடப்படுவது உண்டு. ஆகவே இடைவழி விமானங்களுக்கிடையே நீண்ட இடைவெளி விட்டோம். ஊர் திரும்பியதும் கட்டாயம் செய்யவேண்டிய வேலை எதையும் மறுநாளுக்கு வைக்கவில்லை. எல்லையோரப் பகுதிகள் எங்கள் திட்டத்தில் இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் புறப்படும் வாரத்தில் மீண்டும் பார்ப்போம். அது எச்சரித்தால் பயணம் நிற்கும். மாஸ்கோவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணும் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள துணைத்தூதரகத்தின் எண்ணும் இருவரின் பணப்பையிலும் இருக்கின்றன.

வேலை ஆசை காட்டப்பட்டு ரஷ்யா சென்று போர்முனையில் சிக்கிய இளைஞர்களின் செய்தியைக் கேரளம் மறக்கவில்லை. அவர்களில் உயிரிழந்தோரும் உண்டு. சுற்றுலா விசாவில் வேலை என்று எவர் சொன்னாலும் நம்பலாகாது. இதை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் சொல்லிவருகிறோம்.

திட்டம் முழுவதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பெரியப்பாவிடம் காட்டினோம். கண்ணாடியை அணிந்துகொண்டு கூட்டலைச் சரிபார்த்தார். தொடாத பணம் என்ற பத்தியில் விரலை வைத்து, "இது இருக்கிறதா? அப்படியானால் போய் வாருங்கள்" என்றார். கிரெம்ளினைப் பற்றியோ அரண்மனைகளைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. பேனாவை வாங்கிக் கடைசிப் பக்கத்தில், நடுங்கும் கையால், பழைய பேரேட்டு எழுத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்தார்:

'பீட்டர்ஸ்பர்க் கடையில் மிளகு நூறு கிராம் என்ன விலை — கேட்டு எழுதுக.'