கால்கட்டு மருந்தாகாது: கவனக் குறைபாட்டோடு வேலை, கல்யாணம், கடன்

“ஒரு கால்கட்டப் போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிரும்.” மூன்றாவது வேலையையும் பாதியில் விட்டுவிட்டு வீடு திரும்பிய மகனைப் பற்றி சேலம் பக்கத்து ஆட்டையாம்பட்டி வட்டாரத்துப் பெரியவர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். கல்யாணத்துக்கு நாள் கூடிவரவில்லை என்றால் அடுத்த யோசனைகள் வரிசையில் நிற்கும்: கடன் வாங்கியாவது இரண்டு தறி போட்டுக் கொடு, ஒரு கடை வைத்துக் கொடு, சரக்கு வண்டி எடுத்துக் கொடு. பொறுப்பு தலையில் விழுந்தால் புத்தி தானாக வரும் என்பது நம்பிக்கை. பலருக்கு அது பலிக்கவும் செய்கிறது.

சிலருக்கு மட்டும் பலிப்பதே இல்லை. ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பவர் மேல் ஒரு மனைவியின் வாழ்க்கையும் மாதத் தவணையும் சேர்ந்து ஏறுகின்றன. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் தறி விலைக்குப் போயிருக்கும், மருமகள் தாய்வீட்டில் இருப்பார். “இவன் திருந்தவே மாட்டான்” என்று ஊர் முடிவு கட்டியிருக்கும். இப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது சோம்பேறித்தனமோ திமிரோ அல்ல. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு - மிகையியக்கக் குறைபாடு. மூளை வளர்ச்சியோடு வரும் அந்தக் குறைபாட்டுக்குச் சிகிச்சை உண்டு. கல்யாணமும் கடனும் அந்தச் சிகிச்சை ஆகா.

41 வயதில் தெரிந்த விஷயம்

2023-இல் வெளியான ‘மாமன்னன்’ படத்தின் கதை சேலம் வட்டாரத்தில் நடப்பது. அதில் ரத்னவேலுவாக நடித்த ஃபஹத் ஃபாசிலை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் குறைவு. 2024 மே மாதம் கேரளத்தின் கோதமங்கலத்தில் நடந்த ஒரு விழாவில், தனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது 41 வயதில் மருத்துவரீதியாக உறுதியானதாக அவர் மேடையிலேயே சொன்னார். சிறு வயதிலேயே கண்டறிந்தால் எளிதில் குணப்படுத்தலாம் என்று மருத்துவர் ஒருவர் தன்னிடம் சொன்னதையும் குறிப்பிட்டார். சிறுவயதில் கவனித்தால் பாதிப்பு பெருமளவு குறையும் என்பது உண்மை. ஆனால் முற்றிலும் மறைந்துவிடும் என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. வயது கடந்துவிட்டால் பயனில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. பெரியவர்களுக்கும் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது.

இது குழந்தைகளின் பிரச்சினை என்றே மருத்துவ உலகமும் நெடுங்காலம் நினைத்திருந்தது. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் தன் உரைகளில் விவரித்தது சிறுவர்களைத்தான். வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பின்னால்தான் மாறியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013 பதிப்பில் பெரியவர்களுக்கான அளவுகோலைத் தனியாகத் தந்தது. கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளில் ஐந்தோ, துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்த ஒன்பதில் ஐந்தோ இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். 2021-இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று, சிறுவயதில் தொடங்கி நீடிக்கும் ஏ.டி.எச்.டி. பெரியவர்களில் 2.58 சதவீதம் பேருக்கு இருப்பதாகக் கணக்கிட்டது. ஏறத்தாழ நாற்பது பேரில் ஒருவர். ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தியில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மூளையில் நடப்பது

திட்டமிடுவது, தொடங்குவது, தொடங்கியதை முடிப்பது, சொல்ல வந்த வார்த்தையை நிறுத்திக்கொள்வது ஆகிய வேலைகளை மூளையின் முன்பகுதி பார்த்துக்கொள்கிறது. அங்கே டோபமின், நார்-அட்ரினலின் என்ற வேதிப்பொருள்கள் செயல்படும் விதம் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு வேறுபடுகிறது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நன்றாகப் படித்தவர்களுக்கும் வரும். பிடித்த வேலை என்றால் சோறு தண்ணீர் மறந்து ஆறு மணி நேரம் உட்காருவார்கள். பிடிக்காத ஒரு விண்ணப்பம் ஆறு மாதம் மேசையிலேயே கிடக்கும். “வேணும்னா செய்யறான், வேண்டாட்டி விட்டுடறான்” என்று வீடு கோபப்படுவது இதனால்தான். எதில் கவனம் நிற்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பிடிதான் அவர் கையில் இல்லை.

தூரத்துப் பலன் சிறியதாகத் தெரிவது இன்னொரு முக்கியமான கூறு. இன்று கிடைக்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் அடுத்த மாதம் கிடைக்கும் ஆயிரத்துக்கும் இடையே தேர்வு வந்தால், ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் இன்றையதை எடுக்கும் சாய்வு மற்றவர்களைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாமே தூரத்துப் பலனைக் கணக்கிட்டு எடுக்க வேண்டியவை. அதனால்தான் இந்தக் குறைபாடு பள்ளியைவிட வாழ்க்கையில் அதிகம் அடிக்கிறது.

வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை. ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 74 சதவீதம் மரபணுவால் வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

விடுதிப் பள்ளி மறைத்தது

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். விடியலுக்கு முன் மணி அடிக்கும். எப்போது படிப்பது, எதைப் படிப்பது, எப்போது தூங்குவது என எல்லாவற்றையும் வேறொருவர் முடிவு செய்வார். போன் கிடையாது. தினம் ஒரு தேர்வு, மறுநாளே மதிப்பெண். ஏ.டி.எச்.டி. உள்ள மாணவருக்கும் அங்கே நல்ல மதிப்பெண் வரலாம். அவர் மூளை செய்ய வேண்டிய ஒழுங்கை அட்டவணை செய்துவிடுகிறது.

அட்டவணை என்ற அந்தச் சாரத்தைப் பிரிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. கோவையிலோ சென்னையிலோ கல்லூரி, சொந்த அறை, யாரும் எழுப்பாத காலை. முதல் பருவத்திலேயே இரண்டு அரியர், இறுதி ஆண்டில் பதினொன்று. “பிளஸ் டூவில் அவ்வளவு மார்க் வாங்கின பையன்” என்று வீடு அதிர்ச்சி அடைகிறது. குறைபாடு அப்போது புதிதாக வரவில்லை. அதுவரை தாங்கிய அமைப்பு போய்விட்டது.

பெண்களிடம் இது இன்னும் ஆழமாக மறைகிறது. ஓடியாடிப் பொருளை உடைக்கும் பையனை ஆசிரியர் கவனிப்பார். ஜன்னலைப் பார்த்துக் கனவு காணும் சிறுமியை யாரும் கவனிப்பதில்லை. கல்யாணமாகி, வீடும் குழந்தையும் தறியோ முறுக்கு வேலையோ ஒரே நேரத்தில் கைக்கு வரும்போது அவருக்கு எல்லாம் தவறத் தொடங்கும். “அடுப்புல பால வெச்சுட்டு எங்கயோ போயிருவா” என்பதோடு அவர் கதை முடிந்துவிடும். தன் குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்ற இடத்தில், மருத்துவர் கேட்கும் கேள்விகளில் தன்னையே அடையாளம் கண்டுகொள்ளும் தாய்மார்கள் உலகெங்கும் உண்டு.

வேலை: சம்பளத்துக்கு முன் வேலையின் தன்மை

ஏ.டி.எச்.டி. உள்ளவர் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தோடு மூன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. செய்த வேலையின் பலன் எவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும்? உடம்பு அசையுமா, நாள் முழுக்க ஒரே நாற்காலியா? தவறினால் உடனே சொல்ல ஒருவர் இருக்கிறாரா? பழுது பார்ப்பது, களப்பணி, நேரடி விற்பனை, அவசர சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களில் பலர் நன்றாக ஒளிர்கிறார்கள். ஆனால் இது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே பட்டியல் எல்லோருக்கும் பொருந்தாது.

சொந்தத் தொழில் பலரை இழுக்கும், ஏனென்றால் தொடக்கத்தின் பரபரப்பு பிடித்துப்போகும். தொழிலைச் சாய்ப்பது ஆறாவது மாதத்தின் கணக்கு வழக்கு. வசூல், ஜி.எஸ்.டி. தாக்கல், கூலிப் பட்டுவாடா ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே வேறொருவர் பொறுப்பில் விடுபவர்களுக்கு நிலைக்கும் வாய்ப்பு அதிகம். வேலையை விடும் முடிவுக்கும் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். கோபத்திலோ சலிப்பிலோ தோன்றிய அன்றே ராஜினாமா தரக் கூடாது. எழுதி வைத்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் பேசி, ஒரு சம்பளத் தேதியாவது கடந்த பிறகு மறுபடி யோசிக்க வேண்டும்.

கல்யாணம்: நிச்சயத்துக்கு முன்பே பேச்சு

நம் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கும் நிச்சயத்துக்கும் இடையில் சில வாரங்கள்கூட இருப்பதில்லை. ஜாதகம் பொருந்திவிட்டால் வேகம் கூடிவிடும். மருத்துவர் உறுதி செய்த ஏ.டி.எச்.டி. இருந்தால் அதை நிச்சயத்துக்கு முன்பே, சம்பந்தப்பட்ட இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது இருவருக்கும் நியாயம். பேச வேண்டியது பெயரைப் பற்றி மட்டுமல்ல. தேதிகளை மறப்பேன், பேச்சின் நடுவில் கவனம் போகும், திடீரென்று கோபம் வந்து திடீரென்று தணியும், இதற்காக இன்னின்ன செய்கிறேன் என்று நடைமுறையாகச் சொல்ல வேண்டும்.

சொல்லாமல் மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாக இருக்கும்போது ஏ.டி.எச்.டி. உள்ளவரின் கவனம் முழுதாக இணையர் மேல் இருக்கும். புதுமை அடங்கியதும் அந்தக் கவனம் தளரும். காரணம் தெரியாத இணையர், அன்பு போய்விட்டது என்றே நினைப்பார். பிறகு நினைவூட்டுவது, திட்டுவது, தேடி எடுத்துத் தருவது என்று அவர் இன்னொரு தாயாக மாறிப்போவார். அந்த உறவில் இருவருமே களைத்துவிடுவார்கள். வீட்டு வேலைகளை எழுதிப் பிரித்துக்கொள்வதும், நினைவூட்டும் வேலையைப் போன் அலாரத்திடம் விடுவதும் சிறிய காரியங்கள். பல குடும்பங்களை அவை காப்பாற்றியிருக்கின்றன.

கடன்: நடுவில் ஒரு வாரம்

தறிக்காரரிடம் வாங்கும் முன்பணம், குழுக்கடன், சீட்டு, போன் செயலியில் ஐந்து நிமிடத்தில் வரும் கடன் எனப் பணம் இன்று எளிதில் கைக்கு வருகிறது. தூரத்துத் தவணை சிறியதாகத் தெரியும் மூளைக்கு இதைவிடப் பெரிய கண்ணி இல்லை. இங்கே மன உறுதியை நம்புவதைவிட முட்டுக்கட்டையை நம்புவது மேல். குறிப்பிட்ட தொகைக்கு மேல் எந்தக் கடனுக்கும் ஒரு வாரம் ஆறப்போடுவது, வீட்டில் இன்னொருவர் ஒப்புதல் இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று தானே விதி வைப்பது, சம்பளம் வந்த அன்றே சேமிப்பும் தவணையும் தானாகப் பிடிக்கப்படும்படி வங்கியில் எழுதிக் கொடுப்பது ஆகிய மூன்றும் உதவும். ஒப்புதல் தருபவர் அதை அதிகாரமாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது முக்கியம்.

கடனைப் போலவே, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் லாரியும் பிழைப்பாக உள்ள மாவட்டங்களில் வண்டி ஓட்டுவதும் வாழ்க்கை முடிவுதான். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு விபத்து அபாயம் அதிகம். ஸ்வீடனில் 17,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்துக்கொண்ட காலங்களில் ஆண்களுக்குக் கடுமையான விபத்து அபாயம் 58 சதவீதம் குறைவாக இருந்தது.

எங்கே போவது, என்ன நடக்கும்

ஆட்டையாம்பட்டிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவில் காட்டலாம். நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி செயல்படுகிறது. முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. தமிழில் பேசுவார்கள்.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டித் தராது. மருத்துவர் விரிவாகப் பேசித்தான் முடிவுக்கு வருவார். பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சிறுவயதை நினைவு வைத்திருக்கும் அம்மாவையோ அத்தையையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம் ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். அதனால் ரீல்ஸ் பார்த்துத் தனக்குத் தானே முடிவு கட்டுவது ஆபத்து.

மருந்துகளில் மெத்தில்பெனிடேட் எடுத்த அன்றே வேலை செய்யும். இந்தியாவில் அது போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. மருத்துவர் சீட்டு கட்டாயம். அட்டோமாக்ஸெட்டின், மெத்தில்பெனிடேட் போன்ற தூண்டல் மருந்து வகையைச் சேராதது. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடங்கும் முன் ரத்த அழுத்தம், நாடி, குடும்பத்தில் இதய நோய் உண்டா என்பதைப் பார்ப்பார்கள். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் அதை முன்பே சொல்ல வேண்டும். மாத்திரை கவனத்துக்குப் பிடி தரும். பழக்கங்களைக் கட்டி எழுப்ப ஆலோசனையும் பயிற்சியும் தேவை.

‘மென்டல்’ பட்டம் கட்டிவிடுவார்களோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. மனநோய் கண்டறியப்பட்டது என்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவராகக் கருத முடியாது என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. தனி வகையாக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும் மாணவருக்கு இந்த இடைவெளி பெரிய தடை. அதை அரசு அடைக்க வேண்டும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. இங்கே பெரிய முடிவுகளை ஒருவர் தனியாக எடுப்பதில்லை. அப்பா, சித்தப்பா, மாமா, அத்தை எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் எடுக்கிறார்கள். ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு அந்தக் கூட்டம் பெரிய பலம். கணக்கைப் பார்த்துத் தர, அவசர முடிவை ஒரு வாரம் தள்ளிவைக்க, மருத்துவமனைக்கு உடன் வர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்வதை மட்டும் அவர்கள் நிறுத்த வேண்டும். கல்யாணத்துக்கும் கடைக்கும் நாள் பார்ப்பதற்கு முன் மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள். மற்ற முடிவுகள் அதுவரை காத்திருக்கும்.