உயிரணுவின் கணக்குப்பிள்ளை

வரவறிந்து செலவு செய்யும் குடும்பம் கடன்படுவதில்லை. மனித உடலிலுள்ள உயிரணுக்களும் அவ்வாறே தம் ஆற்றலின் வரவு செலவைக் கவனித்து வருகின்றன. அந்தக் கணக்கைப் பார்ப்பது ‘ஏஎம்பிகே’ எனப்படும் நொதியாகும்.

உயிரணு செலவிடும் ‘பணம்’ ஏடிபி என்னும் மூலக்கூறு. தசை சுருங்குவதற்கும் நரம்பு செய்தி அனுப்புவதற்கும் அது தேவை. ஏடிபி வேகமாகச் செலவாகும்போது, ஏஎம்பி என்னும் மூலக்கூறு பெருகுகிறது. அது ஏஎம்பிகே நொதியோடு இணைந்து அதனைத் தூண்டுகிறது. ஆற்றல் குறைந்துவிட்டதை நொதி இவ்வாறே உணர்கிறது.

தூண்டப்பட்ட நொதி முதலில் சேமிப்பை நிறுத்துகிறது. கொழுப்பு அமிலங்களை உருவாக்க உதவும் வேறொரு நொதியின்மீது பாஸ்பேட்டை இணைத்து, அதனை முடக்குகிறது. கொழுப்பை உருவாக்கவும் ஆற்றல் வேண்டும். நெருக்கடியில் அச்செலவு தேவையற்றது அல்லவா?

அடுத்து, இருப்பைச் செலவிட வழி திறக்கிறது. முடக்கப்பட்ட அந்நொதி, மலோனைல்-கோஏ என்னும் பொருளைத் தயாரித்து வந்தது. கொழுப்பு அமிலங்கள் இழைமணிக்குள் நுழையாமல் தடுப்பது அப்பொருளே. அது குறைந்ததும் தடை விலகுகிறது. கொழுப்பு அமிலங்கள் இழைமணிக்குள் சென்று எரிக்கப்பட, புதிய ஏடிபி உருவாகிறது.

கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் நொதியையும் கொலஸ்டிரால் உருவாவதைத் தடுக்கும் நொதியையும் 1973ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டறிந்தனர். அவை இரண்டும் ஒன்றே என்பதை 1987ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகாம் ஹார்டி குழுவினர் காட்டினர்.

இந்த அறிவு அன்றாட வாழ்வுக்கும் பயன்படுகிறது. விரைந்து நடக்கும்போதும் ஓடும்போதும் தசைகளில் ஏடிபி செலவாகி இந்நொதி விழித்துக்கொள்கிறது. தேவைக்கு மேல் உண்டு, நாள் முழுவதும் அமர்ந்திருப்பவரின் தசைகளிலோ அதற்கு வேலை குறைவு. மிஞ்சிய ஆற்றல் கொழுப்பாகத் தங்கி, இரண்டாம் வகை நீரிழிவு நோய்க்கு இடமளிக்கிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது.

நீரிழிவு நோயாளிகளுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மருந்தும் இந்நொதியைத் தூண்டுவதாக 2001ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஆனால், நோய் வருமுன் காக்க விரும்புவோர் மருந்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மின்தூக்கியைத் தவிர்த்துப் படிகளில் ஏறினாலும், மாலையில் திடலில் விளையாடினாலும் தசைகளில் இந்தக் கணக்குப்பிள்ளை தன் வேலையைத் தொடங்கிவிடும்.