கூரை மேல் சூரிய மின்சாரம்: ஆளி யார் கையில்?

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்கு முன் இலங்கை மின்சார சபை ஒரு வேண்டுகோள் விடுத்தது. கூரையில் சூரிய படலம் பொருத்தியவர்கள் 13ஆம் திகதி முதல் 21 வரை, தினமும் பிற்பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்தி வைக்க வேண்டும் என்றது. தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கும், மின் தேவை விழுந்துவிடும், வெயில் மட்டும் குறையாது என்பதே காரணம். அதற்கு இரண்டு மாதம் முன், பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் போயிருந்தது. பழுதுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பாணந்துறை உபநிலையத்துக் குரங்குதான் பலருக்கு நினைவிருக்கிறது. ஒரு உபநிலையத்துப் பழுது தீவு முழுவதையும் இருட்டாக்கியது ஏன் என்பதே முக்கியமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமையின் குறைந்த தேவையில் சூரிய மின்சாரம் பெரும்பங்கு வகித்தது. அதிர்ச்சியைத் தாங்கிப்பிடிக்கும் பெரிய சுழல் இயந்திரங்கள் போதிய அளவில் ஓடவில்லை.

திருகோணமலையில் இந்தச் சிக்கலின் இரு முகங்களையும் கொட்டியார் குடாவின் இரு கரைகளிலேயே காணலாம். 500 மெகாவாட் அனல் மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்ட சம்பூரில், 120 மெகாவாட் சூரிய மின் நிலையப் பணிகளை 2025 ஏப்ரல் 5 அன்று இந்திய, இலங்கைத் தலைவர்கள் தொடக்கி வைத்தார்கள். அப்படிப்பட்ட நிலையத்தின் உற்பத்தியைக் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தபடியே பார்க்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். எதிர்க்கரையில் நகரத்துக் கடைகள், உப்புவெளி, நிலாவெளி விடுதிகள், வீடுகள் ஆகியவற்றின் கூரைகளை அப்படிப் பார்க்க முடியாது. 5 கிலோவாட் கூரைகள் 24,000 சேர்ந்தால் இன்னொரு சம்பூர். நாடு முழுவதும் கூரைகளின் கொள்ளளவு 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பெரிய உற்பத்தியை அறிவித்தல் விட்டுக் கெஞ்சி நிறுத்தச் சொல்வது ஒரு மின்கட்டமைப்பை நடத்தும் முறையல்ல. படலத்தின் நேரோட்ட மின்சாரத்தை மாறோட்டமாக்கும் இன்வேர்ட்டரை இணையத்தோடு இணைக்கும் சிறிய பெட்டியை வீட்டுக்காரரின் வசதிப்பொருளாக விட்டுவிடாமல், பொது விதிக்கு உட்பட்ட மின்கட்டமைப்பின் உறுப்பாக நடத்த வேண்டும்.

அந்தப் பெட்டியின் வேலை எளிமையானது. பெரிய கூரையில் நான்கைந்து இன்வேர்ட்டர்கள் இருந்தால், ஆர்எஸ்-485 எனப்படும் முறுக்கிய இரட்டைக் கம்பி ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓடி எல்லாவற்றையும் கோர்க்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. இரண்டுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் பதில்கள் மோதிக் குழம்பும். கம்பி முனையில் 120 ஓம் தடை போடாவிட்டால் நீண்ட கம்பியில் தரவு சிதறும். கடற்கரையில் உப்புக் காற்று பட்டு இணைப்புத் திருகுகள் பச்சை பூக்கும். பெட்டிக்குள் ஈரம் புகாமல் அடைப்பது இங்கே அலட்சியப்படுத்தக் கூடாத வேலை. பெட்டி சில விநாடிகளுக்கு ஒருமுறை மோட்பஸ் மொழியில் ஒவ்வொரு இன்வேர்ட்டரையும் விசாரித்து, வந்த எண்களை வைஃபை அல்லது சிம் வழியாக வெளியே அனுப்பும். மோட்பஸ் 1979இல் தொழிற்சாலைகளுக்காக உருவானது. அதில் கடவுச்சொல்லுக்கு இடமே இல்லை. கம்பியை எட்டியவர் உற்பத்தி அளவைப் படிக்கலாம், அதே வழியில் அதை நிறுத்தவும் கட்டளை எழுதலாம்.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது: கூரைகளை இணையத்தில் கோர்த்தால் நாசகாரர்களுக்கு நாமே கதவு திறந்து விடுகிறோம் அல்லவா? அச்சம் நியாயமானது. ஜப்பானில் சூரிய மின் கண்காணிப்புக் கருவிகள் சுமார் 800 கைப்பற்றப்பட்டு, வங்கிக் கணக்குத் திருட்டுக்குப் பயன்பட்டது 2024இல் வெளிவந்தது. சீன உற்பத்தியாளர்கள் 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்களைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்துவதை லித்துவேனியா சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனால் நம் கதவு ஏற்கனவே திறந்துதான் இருக்கிறது. கைபேசியில் இன்றைய உற்பத்தியைப் பார்க்கும் ஒவ்வொருவரின் தரவும் பெரும்பாலும் உற்பத்தி நிறுவனத்தின் வெளிநாட்டுச் சேவையகத்தைச் சுற்றித்தான் வருகிறது. பல மாதிரிகளுக்கு மென்பொருளும் கட்டளையும் அங்கிருந்தே வர முடியும். நம் மின்கட்டமைப்பை நடத்துவோருக்கு இல்லாத அதிகாரம் வேறு யாரிடமோ இருப்பது பாதுகாப்பு ஆகாது. கதவை மூட, பெட்டி வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்காமல், தானே மறைகுறியாக்கப்பட்ட இணைப்பைத் தொடங்க வேண்டும். விடுதியில் விருந்தினருக்கான வைஃபையில் அதைச் சேர்க்கவே கூடாது.

இணையம் அறுந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதனால்தான் முதல் காவல் இன்வேர்ட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும்: அலைவெண் 50 ஹேர்ட்ஸிலிருந்து உயர உயரத் தன் உற்பத்தியைத் தானே குறைப்பது, சிறு தளம்பலுக்கெல்லாம் விலகி ஓடாதிருப்பது. ஜேர்மனி 50.2 ஹேர்ட்ஸில் ஒரேயடியாக விலகும்படி அமைத்திருந்த இன்வேர்ட்டர்களை லட்சக்கணக்கில் மாற்ற வேண்டி வந்தது. தொலைக் கட்டளை இரண்டாம் காவல்.

மிகவும் கவனிக்க வேண்டிய மறுப்பு வருமானம் பற்றியது. வங்கிக் கடனில் படலம் வாங்கியவருக்கு நிறுத்தப்படும் ஒவ்வொரு மணியும் இழப்பு. தெற்கு அவுஸ்திரேலியா 2020 செப்டெம்பரில் தொலைவிலிருந்து துண்டிக்கும் வசதியைக் கட்டாயமாக்கியது. பின்னர் வீட்டுப் பாவனையைத் தொடாமல் வெளியே அனுப்பும் அளவை மட்டும் நேரத்துக்கேற்ப மாற்றும் முறைக்கு நகர்ந்தது. நமக்கு ஏற்றது அதுவே. ஏப்ரலில் கேட்டதுபோல் முழுதாக நிறுத்தாமல், தேவைப்படும் பகுதியில் தேவைப்படும் விகிதம் மட்டும் குறையும். எத்தனை மணி, எவ்வளவு என்பது பதிவாகும். குறைப்புக்கான வரம்பு மீறப்பட்டால் நட்டஈடு கோரவும் அந்தப் பதிவே சான்று. இந்த வரம்பைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வகுக்க வேண்டும். வீடு எப்போது ஆளில்லாமல் கிடக்கிறது என்பதைக்கூட மின்பாவனைத் தரவு காட்டிக்கொடுக்கும். எனவே 2022ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே பொருந்த வேண்டும்.

விதி வரும்வரை, படலம் பொருத்த வருபவரிடம் கையொப்பமிடுமுன் கேட்டுவைக்க வேண்டியவை உண்டு. தரவு எந்த நாட்டுச் சேவையகத்துக்குப் போகிறது? ஆரம்பக் கடவுச்சொல் மாற்றப்பட்டதா? இன்வேர்ட்டரை நிறுத்தும் அதிகாரம் கணக்கில் யாருடைய பெயரில் இருக்கிறது? பதில்களை எழுத்தில் வாங்குங்கள்.