வடிகாலில் நீந்தும் பன்றி எலி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசி டீக்கடையும் ஷட்டரை இறக்கிய பிறகு, மழைநீர் வடிகாலின் உடைந்த சிலாபுக்கு அடியிலிருந்து முதலில் மீசை வரும். அப்புறம் மழுங்கிய மூக்கு. பிறகு, பூனையே ஒதுங்கிப் போகும் அளவுக்கு ஓர் உடம்பு. வளர்ந்த பெருச்சாளி ஒரு கிலோவைக்கூடத் தாண்டலாம். மடக்கினால் முதுகு முடியைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும்.

தெலுங்கில் இதற்குப் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி என்று பெயர். ஆங்கிலேயர் வாயில் அது 'பேண்டிகூட்' ஆனது. அந்தப் பெயர் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போய், எலி இனமே அல்லாத, பை வைத்த ஒரு பிராணிக்கு ஒட்டிக்கொண்டது. பாதாளச் சாக்கடையில் மனிதரை இறக்காமல் கசடு அள்ள 2018-ல் கேரளத்தில் வந்த ரோபோவுக்கும் பேண்டிகூட் என்றுதான் பெயர். இதுவாவது பொருத்தம்!

எலிக்குத் தண்ணீர் புதிதல்ல. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் மலை ஓடைக்குள் இரை தேடும் ஓர் எலி உண்டு. 2012-ல் பிடிபட்டு, 2014-ல் 'வையோமிஸ்' என்று பெயர் பெற்றது. 'வை' என்றால் அந்தப் பக்கத்து மொழிகளில் தண்ணீர். நம் பெருச்சாளி அந்த அளவுக்கு நீர்வாழி அல்ல. ஆனாலும் நன்றாக நீந்தும், நத்தையும் நண்டும் தின்னும், ஈரக்கரையில் வளை தோண்டும்.

அந்த ஈரக்கரைகள் இங்கே ஏராளம்: அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள், ஆவடியில் பருத்திப்பட்டு, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். ஏரியைச் சுற்றி வயல் இருந்தபோது இருளர்கள் வளைக்குள் புகைமூட்டி எலி பிடிப்பார்கள்; வயலெலி உள்ளே பதுக்கிய நெல்லையும் தோண்டி எடுத்து உலையில் போடுவார்கள். வயல் மனையானது. பெருச்சாளிக்கு மட்டும் குறையில்லை. வரப்புக்குப் பதில் வடிகால், நண்டுக்குப் பதில் பிரியாணி எலும்பு. குப்பைத் தொட்டியை மூடாமல் விஷ உருண்டை மட்டும் வைப்பது வீண்வேலை. காலியான வளைக்கு அடுத்தது குடிவந்துவிடும்.

எலிக் காய்ச்சல் கிருமி பெருச்சாளி உள்ளிட்ட எலிகளின் சிறுநீர் வழியே வெள்ளத்தில் கலக்கிறது; காலில் சின்னக் கீறல் இருந்தாலே உள்ளே நுழைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்துவிட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்காலும் வலித்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். தண்ணீரில் நடந்த விஷயத்தையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.