நாலு ரிவர்ஸ் கியர், ஒரே ஒரு முன் கியர்!

வீட்டுக் கொட்டகையில் இரண்டு மூன்று வருஷம் பாடுபட்டு ஒருவர் ஸ்போர்ட்ஸ் கார் கட்டி முடிக்கிறார். சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் உறுமுகிறது. முதல் கியர் போட்டு கிளட்சை விடுகிறார். கார் பின்னால் போகிறது! இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, எல்லாமே பின்னால். ரிவர்ஸ் போட்டால்தான் முன்னால் நகர்கிறது.

வேடிக்கைக் கதை அல்ல. அமெரிக்காவில் வோக்ஸ்வாகன் பீட்டிலின் உறுப்புகளைக் கொண்டு சொந்தமாகக் கார் கட்டியவர்கள் நன்றாக அறிந்த தொல்லை இது.

நம் அம்பாசடரில் எஞ்சினும் கியர் பாக்ஸும் முன்னால்; பின் அச்சில் டிஃபரன்ஷியல்; நடுவே நீண்ட தண்டு. பீட்டிலில் அந்தத் தண்டே கிடையாது. கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். இதற்குத்தான் டிரான்ஸ் ஆக்ஸில் என்று பெயர். எஞ்சினை அதன் பின்னால் நான்கே போல்ட்டில் மாட்டியிருப்பார்கள். கொட்டகையில் கார் கட்டுபவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

பீட்டில் எஞ்சினின் சக்தி போதாது என்று நினைத்தவர்கள், 1960 முதல் 1969 வரை வந்த ஷெவர்லே கார்வேர் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினை மாட்டினார்கள். அதுவும் காற்றால் குளிர்வதுதான். ஆனால் மற்ற எஞ்சின்கள் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் சுற்றும். அங்கேதான் வம்பு. பீட்டில் எஞ்சினையே வைத்துக்கொண்டு, அதை அச்சுக்கு முன்னால் கொண்டுவர மொத்தமாகத் திருப்பி வைத்தாலும் இதே கதிதான்.

பரிகாரம் உண்டு. பினியன் பல்லோடு சேரும் பெரிய கிரவுன் வீல், அதன் ஒரு பக்கத்தில் இருக்கிறது. கூட்டைப் பிரித்து அதை மறுபக்கத்துக்கு மாற்றினால் சக்கரம் சுற்றும் திசை மாறிவிடும். சொல்வதற்குச் சுலபம். பல்லுக்குப் பல் உள்ள இடைவெளியை மறுபடி சரி பார்க்கத் தெரியாதவர் கூட்டைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

கோவை எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டியது பலருக்கு நினைவிருக்கும். குறுக்காகப் படுத்திருக்கும் அந்த மாதிரி எஞ்சினை கியர் பாக்ஸோடு சேர்த்து, திருப்பாமல் அப்படியே ஓட்டுநருக்குப் பின்னால் நகர்த்தினால் திசைத் தகராறே கிடையாது. 1972-ல் இத்தாலியில் ஃபியட் எக்ஸ் 1/9 வந்ததும் இப்படித்தான்.

திசை சரியானாலும் கிளட்ச் விடாது. வேறு கம்பெனி எஞ்சின் என்றால் நடுவே ஒரு இணைப்புத் தகடு வேண்டும். அதன் மையமும் எஞ்சின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் முள் கால் மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது என்பது பொதுவான கணக்கு. லேத்தில் நிற்கும் நம்மவருக்கு இது பெரிய விஷயமல்ல. கண்ணளவில் போட்டவருக்கோ பேரிங் சீக்கிரமே போய்விடும்.

பிளைவீலில் கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த, பழைய கியர் பாக்ஸ் தண்டு ஒன்றைச் செருகிக்கொண்டு பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, குறுக்கு மறுக்காக இறுக்க வேண்டும்.

பிறகு எஞ்சினைத் தூக்கிச் சேர்க்கும் வேலை. கடைசி அரை அங்குலம் உள்ளே போகாமல் அடம் பிடிக்கும். இங்கேதான் பலர் பொறுமை இழந்து, போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடுகிறார்கள். கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்தது அப்போது தெரியாது. காரை ஓட்டும்போது கிளட்ச் விடாமல் இழுக்கும். மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எஞ்சின் பாரம் அந்தத் தண்டின் மேல் ஒரு நிமிஷம்கூடத் தொங்கக் கூடாது. ஜாக்கியால் தாங்கி, எஞ்சினைக் கையால் லேசாகச் சுற்றிக்கொடுத்தால் பல்லும் பள்ளமும் தானே சந்திக்கும்.

காருக்குப் பாடி மாட்டுவதற்கு முன் ஐந்து நிமிஷச் சோதனை ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, முதல் கியர் போட்டு, எஞ்சினை அது ஓடும் திசையிலேயே ஸ்பேனரால் சுற்றிப் பாருங்கள். தூக்கிய சக்கரம் முன்னோக்கிச் சுற்றுகிறதா? அப்புறம் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ளிப் பாருங்கள். மிதித்தால் சுலபமாகச் சுற்றி, பெடலை விட்டதும் எஞ்சினின் பிடி கையில் தெரிந்தால், பாடியைத் தூக்கிவர ஆள் கூப்பிடலாம்.