.32 தோட்டாவுக்கு இன்னும் வேலை உண்டா?

உலகத்துப் படைகளும் போலீஸாரும் பெரும்பாலும் 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்ட பிறகும், கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குச் செல்லும் வீரர்களில் பலர் .32 என்னும் பழைய அளவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் அபிமானமா, அல்லது அதில் பௌதிக நியாயம் ஏதேனும் உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறவர்களில் அநேகர் சக்தி ஒன்றையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, எத்தனை ஜூல், எதிராளியை எத்தனை சீக்கிரம் கீழே வீழ்த்தும் என்ற ரீதியில் விளம்பரப் பாஷை பேசுவதால், இந்தக் கேள்விக்குக் கோணலான விடைதான் வழக்கமாகக் கிடைக்கிறது. போட்டியில் இலக்கு காகித அட்டை; அதை வீழ்த்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

சரித்திரத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் தங்களுடைய சிறிய .32 தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சற்றே நீட்டி, 1896-ல் '.32 லாங்' என்று வெளியிட்டார்கள். அதே ஆண்டில், அப்போது நியூயார்க் போலீஸ் கமிஷனராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், கோல்ட் கம்பெனியின் .32 ரிவால்வர் ஒன்றைத் தம் படைக்குத் தேர்ந்தெடுத்தார். பிற்பாடு அந்தப் போலீஸாரும் பெரிய அளவுகளை நாடிப் போய்விட்டார்கள். நம் தேசத்தில் 9 மி.மீ. பிஸ்டல் சாமானிய லைசென்ஸுக்கு அப்பாற்பட்டது ஆனதால், கான்பூரில் அரசாங்கத் தொழிற்சாலை .32-க்கென்றே ரிவால்வர் செய்து விற்று வந்திருக்கிறது. இங்கே அதற்குள்ள புழக்கம் சட்டத்தின் சிருஷ்டியே அன்றி, பௌதிகத்தின் சிபாரிசு அன்று.

அதன் உண்மையான ஸ்தானம் 25 மீட்டர் 'சென்டர் ஃபயர்' போட்டியில் இருக்கிறது. 7.62 மி.மீ.க்குக் குறையாமலும் 9.65 மி.மீ.க்கு மிஞ்சாமலும் எந்த அளவு வேண்டுமானாலும் அதில் செல்லும். அறுபது குண்டுகள், அதிகபட்சம் 600 புள்ளிகள். 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 எடுத்து, அப்போதைய உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். .32 குண்டின் விட்டம் ஏறக்குறைய 8 மி.மீ.; அதாவது, விதி அனுமதிக்கும் கீழ் எல்லையை ஒட்டி நிற்கிறது.

இந்தப் போட்டிக்கு உபயோகமாகும் குண்டு, சினிமாவில் காட்டும் கூர்மூக்குக் குண்டு அன்று. 'வாட்கட்டர்' எனப்படும் அது, முகம் தட்டையாகவும், முகத்தின் சுற்றோரம் கூராகவும் அமைந்த மெத்தென்ற ஈய உருளை. உருண்டை மூக்குள்ள குண்டு அட்டைக்குள் புகும்போது இழைகளை நெருக்கி விலக்கிக்கொண்டு போகிறது. அது போன பின் இழைகள் பாதி திரும்பி வந்துவிடுவதால், துவாரம் குண்டைவிடச் சிறுத்து, ஓரம் பிசிறு பிசிறாய் நிற்கிறது. வாட்கட்டரோ விலக்குவதில்லை, கத்தரிக்கிறது. சோமாசிக்குத் தேய்த்த மாவில் விரலால் ஓட்டை போட முயன்றால் மாவு இழுபட்டு, விரலை எடுத்ததும் சுருங்கிக்கொள்வதையும், அதே மாவில் டம்ளரின் விளிம்பை வைத்து அழுத்தினால் வட்டம் அப்படியே பெயர்ந்து வருவதையும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மாவு அதிகமாகத் தளர்ந்திருந்தால் டம்ளராலும் சரியாக வெட்ட முடியாது என்பதற்கொப்ப, இலக்கு அட்டையும் விறைப்பாக இருந்தால்தான் துவாரம் வட்டமாக விழும். வெட்டி எடுத்தது போக எஞ்சும் மாவுத் துண்டுகளுக்குக் குழந்தைகள் சண்டை போடுவதைப் போல, துவாரத்தின் ஓரம் புள்ளிக் கோட்டைத் தொட்டதா என்று பெரியவர்கள் சண்டை போடுவதும் உண்டு. ஒன்றில் மட்டும் உவமை தலைகீழாகிறது: டம்ளர் வாயால் வெட்டுகிறது, இந்தக் குண்டு மூடிய முகத்தால் வெட்டுகிறது, அதன் திறந்த வாய் இருப்பது பின்பக்கத்தில்.

அந்தத் திறந்த வாயில்தான் என் மனம் லயித்துப் போகிறது. குண்டின் பின்பாகம் குடைந்து விடப்பட்டிருப்பதால் மருந்து எரிந்து எழும் வாயு அந்தக் குடைவுக்குள் புகுந்து, மெல்லிய ஈயச் சுவரை வெளிப்புறமாக விரித்து, குழலின் உட்புறத்திலுள்ள மரைகளோடு இடைவெளியின்றி ஒட்டவைக்கிறது. எந்த வாயு பக்கவாட்டில் கசிந்து வீணாகியிருக்குமோ, அதே வாயு தான் கசியக்கூடிய வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. பின்பக்கம் இலேசாகிவிடுவதால் குண்டின் கனமையம் முன்னே நகர்ந்து, நேராகப் பறப்பதற்கும் துணை செய்கிறது. மேலும், குண்டை முழுவதும் பித்தளைக் கூட்டுக்குள் அமிழ்த்தி, அதன் முகம் கூட்டின் வாயோடு சமமாக நிற்கும்படி வைக்கிறார்கள். கரிமருந்துக் காலத்துக்காக நீட்டிய கூட்டில் இன்றைய புகையற்ற மருந்து ஒரு சிட்டிகைதான் வேண்டியிருப்பதால், வெற்றாகக் கிடந்திருக்கும் இடத்தைக் குண்டே அடைத்துக்கொள்ள, மருந்து ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே சீராக எரிகிறது. பேராசைப்பட்டு மருந்தைக் கூட்டினாலோ, விரிய வேண்டிய அந்தச் சுவர் கிழிந்தே போகும். ஆகவே விநாடிக்குச் சுமார் 230 மீட்டர் என்ற அடக்கமான வேகம் இந்த யந்திர நுட்பத்துக்கு நிபந்தனை.

சிறிய குண்டு சிறிய துவாரம் இடுமே, கோட்டைத் தொட்டால் கிடைக்கும் புள்ளியில் நஷ்டம் இல்லையா என்றால், இல்லை. காகித அட்டையில் சந்தேகம் எழுந்தால், எந்த அளவுக் குண்டானாலும் 9.65 மி.மீ. அளவுகருவியையே துவாரத்தில் செருகிப் பார்க்கிறார்கள். பெரிய போட்டிகளில் இன்று மின்னணு இலக்குகள் வந்துவிட்டபடியால், துவாரத்தின் அழகுக்கு முன்போல மதிப்பு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எஞ்சுவது உதைப்பு. 6.5 கிராம் குண்டு 230 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் உந்தம் சுமார் 1.5 அலகு; .38 வாட்கட்டருக்கு 2.2, சாதாரண 9 மி.மீ. குண்டுக்கு 2.8. சக்தி உந்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், 1.2 கிலோ துப்பாக்கி பின்னோக்கிப் பெறும் சக்தி முறையே ஒரு ஜூலுக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டாகவும், மூன்றேகாலாகவும் ஆகிறது (வாயுவின் பங்கைச் சேர்க்கவில்லை). உதைப்பு குறைந்தால் அடுத்த குண்டுக்குச் சீக்கிரம் குறி பார்க்கலாம் என்று வழக்கமாகச் சொல்லும் காரணம் எனக்குத் திருப்தி அளிக்கவில்லை. விரைவுச் சுற்றில்கூட இலக்கு மூன்று விநாடி முகம் காட்டி ஏழு விநாடி மறைகிறது, ஒரு தோற்றத்துக்கு ஒரே குண்டு, அவகாசத்துக்குக் குறைவில்லை. குண்டு குழலை விட்டு நீங்குவதோ சுமார் ஆயிரத்தில் ஒரு விநாடியில். உதைத்தது கைக்குத் தெரியும் முன் காரியம் முடிந்துவிடுகிறது. கெடுப்பது உதைப்பு அன்று, உதைக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பு. நாற்பதாவது குண்டில் விசையை அழுத்தும் முன்பே மணிக்கட்டு இறுகிக்கொள்ளும் அந்த அனிச்சைச் செயலைத்தான் .32 தணித்து வைக்கிறது.

இதை மறந்தவர்களுக்கு உதாரணம் வேண்டுமானால், 2014-ல் கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை பெண்களின் பாதுகாப்புக்கென்று ஆரவாரமாக வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வர் இருக்கிறது. டைட்டானியக் கலப்பு, எடை அரைக் கிலோ அளவே, கைப்பையில் அடங்கும் என்றெல்லாம் பத்திரிகைகள் புகழ்ந்தன. எடையைக் குறைத்தால் அதே தோட்டாவின் உதைப்புச் சக்தி அந்த விகிதத்தில் ஏறும்; மேலே சொன்ன 1.5 அலகை அரைக் கிலோவில் ஏற்றினால் இரண்டேகால் ஜூல் வருகிறது. போட்டித் துப்பாக்கியில் .38-ஐச் சுடுவதைக் காட்டிலும் அது அதிகம். .32-ன் பிரதான குணமாகிய சாந்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் அதற்குப் பௌதிகம் பொறுப்பாகாது.

ஆகவே வாசகருக்கு என் அபிப்பிராயம்: சென்டர் ஃபயர் போட்டியில் இறங்க உத்தேசம் இருந்தால், .32 இன்றைக்கும் எடுக்கத்தக்கது, வால்தர் ஜி.எஸ்.பி. போன்ற பிஸ்டல்களில் குழல் முதலிய பாகங்களை மாற்றி .22-ம் .32-ம் ஒரே பிடியில் சுடலாம் என்பதும் கூடுதல் சௌகரியம். அந்த உத்தேசம் இல்லாதவர் .22-ஓடு நின்றுவிடலாம்; 25 மீட்டரில் அட்டையைத் துளைக்க அதுவே போதும், தோட்டாவின் விலையும் குறைவு. .32 அந்தப் போட்டியில் நிலைத்திருப்பதற்குப் பாதிக் காரணம், .22-ஐ உள்ளே விடாத விதிதான்.